நாலு பக்கமும் படி வைத்த குளம்

பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன். வேறு பெயர் வைத்து எழுதினால் என் தங்கை கண்டுபிடித்துவிடுவாள். அவள் தன் வீட்டு வாசலில் மீன் குளம் கட்டியபோது எனக்கு வந்தது கலப்படமில்லாத பொறாமை. பார்த்துவிட்டு வந்த அன்று இரண்டு இட்லிக்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

என்னைவிட இரண்டு வயது சின்னவள். சிறு வயதிலிருந்தே இப்படித்தான். எனக்கு ஒன்று வேண்டும் என்று நான் மனதுக்குள் நினைத்து முடிப்பதற்குள் அது அவள் கையில் இருக்கும். கோயில் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் ஒரு வருடம் கெஞ்சினேன். எனக்குத் துணையாக வந்து வாசலில் நின்றவளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். என்னைப் பாட்டுப் புத்தகம் அடுக்கி வைக்கச் சொன்னார்கள். கோயில் என்றால் சர்ச்சுதான். நாங்கள் கிறிஸ்தவர்கள். எழுதும்போது தேவாலயம் என்று எழுதுவோம், வாயில் வருவது கோயில்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கல்யாணத்திலும் அதே கதை. என் வீட்டுக்காரருக்கு மைசூர் ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை. அவள் வீட்டுக்காரருக்கும் ஹெப்பாள்தான், ஆனால் ஐ.டி. கம்பெனி. இவர் டவுன் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போன காலத்தில் அவரைக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. விஜயநகரில் நாங்கள் பத்து வருடம் கடன் கட்டி ஒரு வீடு கட்டினோம். அப்பாடா, இதில் நான் முந்திவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வருடமே இரண்டு கிராஸ் தெரு தள்ளி அவள் அதைவிடப் பெரிய மனை வாங்கினாள். கேட்டால், "அக்கா பக்கத்துல இருக்கணும்னுதான்" என்றாள். 

குளத்தைப் பற்றி முதலில் போனில்தான் சொன்னாள்.

"அக்கா, வாசல்ல கோய் போடறோம்."

"கொய்யாவா? கொய்யா மரம் வெச்சா வௌவால் வரும்டி."

"கொய்யா இல்லக்கா, கோய். ஜப்பான் மீன். கோய் பாண்ட்."

போய்ப் பார்த்தேன். அவரைக்கொட்டை வடிவத்தில் வளைந்த குளம். ஓரமெல்லாம் கருங்கல். ஒரு மூலையில் கல்லுக்கு மேல் கல் அடுக்கி அருவி. உள்ளே வெள்ளையில் சிவப்புத் திட்டுப் போட்ட மீன்கள், நடுவில் தங்க நிறத்தில் ஒன்று. தண்ணீர் அடிவரை தெரிந்தது. என் தங்கை பக்கத்தில் நின்று செலவைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தாள். புலம்பல் என்பது பெயருக்குத்தான், பெருமை அதற்குள் ஒளிந்திருக்கும்.

"செலவப் பத்திக் கேக்காதக்கா. குழி வெட்டறது ஒண்ணுமில்ல. ஃபில்டர்தான் தின்னுடுச்சு. பம்ப் நாள் பூரா ஓடணுமாம், கரண்ட் பில்ல நெனச்சாலே பயமாருக்கு. அந்தத் தங்கக் கலர் இருக்கே, அது ஒண்ணு வெலைக்கு நீ ஒரு நல்ல பட்டுப்புடவ எடுத்துடலாம்."

நான் கேட்கவே இல்லை. நான் கேட்காமலே எல்லாம் சொல்லி முடித்தாள். "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பொறாமை அத்தோடு போயிருக்கும். ஒரு வாரம் எரியும், பிறகு அவள் வாங்கும் அடுத்த பொருள் வந்து இதை மறக்கடிக்கும். அப்படித்தான் ஐம்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். இந்தத் தடவை அப்படி ஆகாததற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் ரிட்டயர் ஆகி அப்போது ஒன்றரை வருடம். தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தவர். வந்த உருப்படியை அளந்து சரி, சரியில்லை என்று சொல்வதுதான் வேலை. அவர் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. ரிட்டயர் ஆன அன்றே நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த மனுஷன் முப்பத்தைந்து வருடம் உழைத்தாயிற்று, இனி இவரை ஒரு துரும்பு நகர்த்தவும் விடக்கூடாது. நான் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். எனக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருந்தது. ஆனாலும் என்ன, முப்பது படுக்கையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்வதா கஷ்டம்? விடிவதற்குள் சமைத்து ஹாட் பாக்ஸில் வைத்துவிடுவேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பிவிடுவேன். மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிடுவேன். அவர் கறிவேப்பிலை உருவ உட்கார்ந்தால், "குடுங்க இப்படி, நீங்க சும்னே உக்காருங்க" என்று வாங்கிக்கொள்வேன்.

சும்னே என்பது கன்னடம். சும்மாதான் அது. மைசூரில் இத்தனை வருடம் இருந்ததில் எங்கள் வீட்டில் 'சும்மா' எப்போதோ 'சும்னே' ஆகிவிட்டது. கடைக்குப் போகட்டுமா என்பார். சும்னே உக்காருங்க. ஸ்கூட்டரைத் துடைக்கட்டுமா என்பார். நான் ஏற்கெனவே துடைத்திருப்பேன். ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. பாசமாகத்தான் சொன்னேன்.

அவரும் உட்கார்ந்தார். முதலில் பேப்பர் படித்தார். பிறகு டி.வி. பார்த்தார். பிறகு டி.வி. ஓடும், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குறைந்தது. "சாப்டீங்களா?" "ம்." "மாத்திர போட்டீங்களா?" "ம்." வயதானால் ஆண்கள் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவள் சொன்னாள். நானும் நம்பினேன்.

தங்கை வீட்டில் குளம் வந்து இரண்டு மாதம் இருக்கும். தினமும் சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு இவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். இஸ்திரி போட்ட சட்டை. "எங்கங்க?" என்றால், "மீன் பாத்துட்டு வரேன்." ஆறரைக்குத் திரும்புவார், முகத்தில் ஒரு தெளிச்சியோடு. ஒருநாள் எனக்கு டியூட்டி சீக்கிரம் முடிந்தது. தங்கை வீட்டு வழியாக வந்தேன். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வாய்விட்டு, உடம்பு குலுங்க. ஒன்றரை வருடமாக என் வீட்டில் கேட்காத சிரிப்பு.

நான் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். தப்பாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம், என் தங்கையைப் பற்றியும் அவரைப் பற்றியும் எனக்கு அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் கிடையாது. எனக்கு மீன் மேல் பொறாமை. போதுமா? முப்பது வருடம் நான் சமைத்துப் போட்ட மனிதரை அந்தச் சிவப்புத் திட்டுப் போட்டவை வாயைத் திறந்து திறந்து மூடியே வளைத்துப் போட்டுவிட்டன. எல்லாம் அவளுக்கே போகட்டும், பாட்டு போகட்டும், கம்பெனி பஸ் போகட்டும், மனை போகட்டும். என் வீட்டுக்காரருடைய சாயங்காலத்தை விட முடியாது. அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காக நான் குளம் கட்ட முடிவு செய்தேன்.

சமையலறைக்கென்று மாதாமாதம் ஆர்.டி. போட்டு வைத்திருந்தேன். மேடைக் கல்லில் குறுக்கே ஒரு விரிசல். அதில் எறும்பு குடியிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் கையோடு வரும். ஆர்.டி. முதிர்ந்ததும் அதையெல்லாம் மாற்றி, இழுத்தால் சத்தமில்லாமல் வரும் டிராயர் வைக்க வேண்டும் என்று கனவு. அந்தப் பணத்தை எடுத்தேன். வாசலில் நான் வளர்த்த ரோஜாத் தொட்டிகள் பதினொன்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினேன். அவர் ஒரு தொட்டியைத் தூக்க வந்தார். "இடுப்பு பிடிச்சுக்கும், நீங்க சும்னே உக்காருங்க" என்றேன்.

மேஸ்திரி ஈரோட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரர். எங்கள் மாடிப்படி கட்டியவர். நல்ல வேலைக்காரர், ஒரு சொல்லுக்கு ஒன்பது 'ங்க' போட்டுப் பேசுவார். "வாசல்ல பன்னெண்டுக்கு எட்டு, நாலடி ஆழம், மீன் வளக்கறதுக்கு" என்று சொல்லி முன்பணம் கொடுத்தேன். அவர் குழி வெட்டி முடிக்கவும் எங்கள் சர்ச் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் கிளம்பவும் சரியாக இருந்தது. முன்பே பணம் கட்டிய பயணம். அதுவும் என் பெயரில் ஒரு வேண்டுதல் பாக்கி. ஆறு நாள். போகும்போது வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "அந்தாள்கிட்ட நான் எல்லாம் சொல்லிட்டேன். நீங்க எதுலயும் தலையிட வேணாம். நாற்காலி போட்டுச் சும்னே உக்காருங்க."

இரண்டாம் நாள் மேஸ்திரி போன் செய்தார். நான் கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவில். ஒரு பக்கம் ஒலிபெருக்கியில் பாட்டு, ஒரு பக்கம் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் சத்தம்.

"ஏனுங்க்கா, செங்கல்லு எறக்கியாச்சுங்க. நாலு பக்கமும் நெட்டுக்குச் சொவுரு எழுப்பீரட்டுங்களா? தொட்டியாட்டம்?"

தொட்டி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. தங்கை வீட்டில் இருப்பது பாண்ட், எனக்கு மட்டும் தொட்டியா?

"தொட்டி இல்லப்பா. தொட்டி மாதிரி பண்ணிடாத. கோய் குளம். கோய் குளம்னு தெரியுமில்ல?"

"கோயில் கொளமுங்களா?"

"ஆமாப்பா, கோய் குளம்தான். பாக்கறவங்க வாயடைச்சு நிக்கணும்."

"அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. அப்ப நாலு பக்கமும் மொறையா வெச்சரட்டுங்களா?"

எதை வைக்கப்போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். குழாயோ கல்லோ என்று நினைத்துக்கொண்டேன். "எல்லாம் முறையா வை. செலவப் பாக்காத" என்று சொல்லிவிட்டு வரிசையில் முன்னால் நகர்ந்தேன்.

திரும்பி வந்து, பையோடு கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றேன். என் வீட்டு வாசலில் ஒரு தெப்பக்குளம் இருந்தது. நாலு பக்கமும் படி. பக்கத்துக்கு மூன்று படி, அளந்து வைத்தாற்போல. படி இறங்கி இறங்கி, கீழே நடுவில் ஒரு சின்னச் சதுரம். சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர், அதில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை. சிலுவை வைத்த வாசல் கதவுக்கு நேர் எதிரே. மேஸ்திரி சுவரைத் துடைத்துக்கொண்டே பெருமையாக நின்றார்.

"என்னப்பா இது?"

"நீங்க கேட்ட கோயில் கொளமுங்க்கா."

"நான் கோய்னு சொன்னேன். கோய். மீனு."

"மீனுந்தானுங்க விடறது கோயில் கொளத்துல." அவருக்குக் குழப்பம். "நீங்க கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போயிருக்கறீங்கன்னு சார் சொன்னாருங்க. செரி, அதுக்குத்தான் கட்டறீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

அவரை என்ன சொல்ல? நான் சொன்னதைத்தான் கட்டியிருக்கிறார். என் கோபம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பியது.

"ஆறு நாளா எதிர்லயே உக்காந்திருக்கீங்க. படி படியா ஏத்தறாங்க, பட்டை அடிக்கறாங்க. பாத்துக்கிட்டு சும்னே இருந்தீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதானே சும்னே உக்காரச் சொன்ன."

குத்தலாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. குவாலிட்டி ரிப்போர்ட் வாசிப்பது மாதிரிச் சொன்னார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. நான் படியை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கு எட்டு என்று வெட்டிய குழியில் படி தின்றது போகத் தண்ணீருக்கு மிஞ்சியது பாதிகூட இல்லை.

இடிப்பதற்கும் காசு வேண்டும், திரும்பக் கட்டவும் காசு வேண்டும். ஆர்.டி. பணத்தில் மிச்சமிருந்தது பம்புக்கும் ஃபில்டருக்கும்தான் காணும். சரி, இருக்கட்டும் என்று விட்டேன். பட்டையை மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். ஒரு மழை பெய்ததும் காவி மறுபடி எட்டிப் பார்த்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்ட் பேங்க்காரர் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, "ஏனு மேடம், தேவஸ்தானா கட்டிஸ்தா இத்தீரா?" என்று கேட்டார். கோயில் கட்டவில்லை, மீன் வளர்க்கிறோம் என்று விளக்கினேன். மிக மரியாதையாகத் தலையாட்டினார். மறு வாரமே, வருகிற சதுர்த்திக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையாரை எங்கள் குளத்திலேயே கரைத்துக்கொள்ளலாமா என்று அவர் மனைவி கேட்டு அனுப்பினார்.

தங்கை வந்தாள். வராமல் இருப்பாளா? நான் உள்ளங்கையில் நகம் பதிய நின்றேன். குளத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காய்ந்த மேல்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இது நல்லாருக்கு. எங்க வீட்ல நின்னுக்கிட்டேதான் பாக்கணும். உக்கார எடமே வெக்கல."

கிண்டல் செய்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கிண்டல் செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சிமெண்டுக் காரம் போக மூன்று தடவை தண்ணீர் நிரப்பி இறைத்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று அதற்கு மருந்து வாங்கிச் சொட்டுக் கணக்கில் விட்டேன். பிறகு ஆறு மீன் வாங்கினேன். விரல் நீளம்தான், அதற்கே என் மூன்று நாள் சம்பளம். ஒரு டப்பாவில் தீனி. காலை டியூட்டிக்குப் போகும் முன் நானே போட்டேன், வந்ததும் நானே போட்டேன். நானே வலை வைத்துத் தூசி எடுத்தேன், ஃபில்டர் பஞ்சைக் கழுவினேன். எல்லாம் முடித்துப் படிக்குப் பக்கத்தில் அவர் நாற்காலியைப் போட்டு, காபியும் கொடுத்து, "பாருங்க, நம்ம வீட்டு மீனு. இனி எங்கயும் போக வேணாம். சும்னே உக்காந்து பாருங்க" என்றேன்.

காபியைக் குடித்தார். மீனைப் பார்த்தார். ஐந்தேகால் ஆனதும் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் இதே கதைதான். என் குளம் வேறு கலங்கிப்போனது. தங்கை வீட்டில் அடி தெரிகிறது, எனக்கு ஒரு சாண் தெரியவில்லை. நான் இன்னும் அதிகமாகக் கழுவினேன், மீன் வாடிவிடக் கூடாதென்று இன்னும் அதிகமாகத் தீனி போட்டேன். அதற்குள் ஒரு கொக்கு வந்து பழகிவிட்டது. காலையில் நான் போன பிறகு வந்து, முதல் முங்கிய படியில் சௌகரியமாக நின்றுகொண்டு, ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாலு நாளில் இன்னொன்று. ஆறு நாலாயிற்று. அந்தப் படி மட்டும் இல்லாவிட்டால் அதற்கு நிற்க இடமே இருந்திருக்காது.

இரண்டாவது மீன் போன அன்று சாயங்காலம் இவர் வழக்கம்போலச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் கேட்டை மறித்துக்கொண்டேன். ஆமாம், மறித்துக்கொண்டுதான் நின்றேன்.

"என் சமையல்கட்டுக் காச எடுத்து இதக் கட்டினேன். ரோஜாவ மாடிக்கு அனுப்பினேன். ஊரெல்லாம் சிரிக்குது. யாருக்காகக் கட்டினேன்னு நெனைக்கறீங்க? நம்ம வீட்ல மீன் இருக்கு. அப்பறமும் அங்க என்னதான் இருக்கு உங்களுக்கு?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அங்க நான் போனாத்தான் மீனுக்குச் சாப்பாடு."

"என்னது?"

"உன் தங்கச்சிதான் சொன்னா. அத்தான், எனக்கு மறந்து மறந்து போகுது, ரெண்டு நாள் பட்டினி போட்டுட்டேன், நீங்க வந்து போட்டுடறீங்களான்னு. டப்பாவ எங்கிட்டயே குடுத்துட்டா. எந்த மீன் எவ்வளவு திங்குது, எது ஒதுங்குது, எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். தண்ணியக்கூட நான்தான் டெஸ்ட் பண்றேன்." சொல்லும்போதே முகம் மாறியது. "அந்தத் தங்கக் கலர் இருக்கே, அது என் காலடிச் சத்தம் கேட்டா வந்துடும். இப்ப மணி ஆயிடுச்சு, விடு."

விட்டேன். அவர் போன பிறகு என் கோயில் குளத்தின் மேல்படியில் உட்கார்ந்தேன்.

மறந்துபோகிறதாம். யாருக்கு? என் தங்கைக்கா? பால்காரர் தர வேண்டிய பாக்கி ஒன்றரை ரூபாய் என்றால் அதை ஒரு வருடம் கழித்து ஞாபகம் வைத்துக் கேட்கிறவள். என் பிறந்தநாளை என்றைக்காவது மறந்திருக்கிறாளா? ஒரே ஒரு நாள் மறந்திருந்தால் எனக்கு எத்தனை சந்தோஷமாக இருந்திருக்கும்! அவள் எதையும் மறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறாள். பார்த்தது புரிந்திருக்கிறது. கூசாமல் ஒரு பொய் சொல்லி, அவர் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டாள். கூடவே இருந்த எனக்கு அது தோன்றவில்லை. முப்பது படுக்கையைப் பார்த்துக்கொண்டவளுக்குத் தோன்றவில்லை.

அன்று எனக்கு வந்த பொறாமை மாதிரி வாழ்க்கையில் வந்ததில்லை. குளத்துக்காக வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. அந்தப் பொய்க்காக நான் அழுதேன். அதுவும் அவளுக்கே முதலில் கிடைத்துவிட்டது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மீன்கள் நாலும் படியோரம் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. அவற்றின் வேளை அது. டப்பா என் பக்கத்தில் இருந்தது. கை தானாகப் போய் மூடியைத் திருகியது. திறந்த மூடியை மறுபடி மூடினேன். அதுகள் தண்ணீரைத் தட்டிச் சத்தம் போட்டன. எதிர்வீட்டு மாமரத்தில் கொக்கு உட்கார்ந்திருந்தது. நான் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒரு ஜீவனைக் காக்கவைத்து வேடிக்கை பார்ப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அந்த முக்கால் மணி நேரம் என் இரண்டு கையும் என் பேச்சைக் கேட்காமல் துடித்தன. மடியில் வைத்துக் கோத்துக்கொண்டேன்.

ஆறரைக்குக் கேட் சத்தம் கேட்டது. என்னைப் படியில் பார்த்ததும் நின்றார்.

"இங்க என்ன பண்ற? மீனுக்குப் போட்டாச்சா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அது அவளுடைய பொய். எனக்கென்று ஒன்று வேண்டும்.

"போடலைங்க. தண்ணி கலங்கிக்கிட்டே இருக்கு. நான் எங்கயோ தப்பு பண்றேன் போல. எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியல."

குழந்தைகளுக்கு அரைச் சொட்டு மருந்தைக் கூட அளந்து கொடுத்த கை இது. அது அவருக்குத் தெரியும். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார், இரண்டு படி இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"நெறைய போட்டிருக்க. ரொம்ப நெறைய. அதான் கலங்குது," என்றார். "டப்பாவ இப்படிக் குடு."

கொடுத்தேன். விரல் நுனியில் நாலே நாலு எடுத்துப் போட்டார். போதாதே என்று வாய்வரைக்கும் வந்தது. எழுந்து டப்பாவை வாங்கக் காலைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. "எந்திரிக்காத. நீ சும்னே உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன்.